சண்டை இல்லை என்று ஒரு கடிதம்

வாசலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். சிவப்பில் அப்பா, நீலத்தில் அம்மா. மூன்றாவதின் கால் ஒன்று லேசாக விரிசல் விட்டிருந்ததால் நான் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கல்யாணங்களுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். அப்பா எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரியிருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பிஸ்கட் பாக்கெட். தெருவில் போனவர்கள் எல்லாம் பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நாங்கள் போனது வாடகைக்கு ரூம் கேட்க. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

இடம் இருங்காட்டுக்கோட்டை. வீட்டுக்காரர் ஸ்டெல்லாம்மா. கணவர் போன பிறகு வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஏழு ரூம் கட்டி, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த கையோடு எங்களை விசாரித்தார்.

"தம்பிக்கு வேலை எங்க?"

"ஒரகடத்துலமா. வண்டி பார்ட்ஸ் கம்பெனி. பர்மனென்ட்," என்றாள் அம்மா. பர்மனென்ட் என்ற சொல்லை அம்மா டாக்டர் பட்டம் மாதிரி சொல்வாள்.

"சொந்த ஊரு?"

"வடக்குப்பட்டு."

ஸ்டெல்லாம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வடக்குப்பட்டு ஒரகடத்துக்குப் பக்கத்துலதான இருக்கு?"

"ஆமாம்மா."

"அப்ப வேலை வூட்டுப் பக்கத்துல. அத வுட்டுட்டு இவ்ளோ தூரம் தள்ளி வந்து ரூம் எடுக்கறீங்க. எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு வீட்டிலேயே பதில் தயாரித்துக்கொண்டுதான் வந்திருந்தோம். ஆனால் அதைச் சொல்வதாக ஒப்புக்கொண்ட அப்பா, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

மேற்படி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனால் ரேஷன் கார்டு மனுவில் தொடங்கி என்னுடைய வேலை விண்ணப்பம் வரை வீட்டுக்கு வந்த எல்லா பாரத்தையும் நான்தான் நிரப்பினேன். எல்லா பாரத்திலும் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குக் கீழே தற்போதைய முகவரி என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் வடக்குப்பட்டு வீட்டை எழுதுவேன். இரண்டாவதில் "மேற்படி" என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அந்தச் சின்னச் சொல்லில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியபோது, ரூமில் தங்கி வேலை பார்க்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "உங்களுக்கென்ன சார், வீட்டுக்குப் போனா அம்மா சமையல். எங்களுக்கு அந்த சாம்பார்தான் அமிர்தம்." அவர் சொன்னது நியாயம். எங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே இரண்டு கட்சி உண்டு. ரூம்காரர்கள் ஒன்று, வீட்டுக்காரர்கள் இன்னொன்று.

ரூம்காரர்களின் தலைவன் இசக்கி. தென்காசிப் பக்கம். கம்பெனியில் என் அசெம்பிளி லைனில் எனக்கு அடுத்த இடத்தில் நிற்பவன். திங்கட்கிழமை என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவான்.

"ஒனக்கென்னல. தட்டுல சோறு, கொடியில துணி. ராஜா வாழ்க்க."

சனிக்கிழமை அதே வாயால் என்மேல் பரிதாபப்படுவான்.

"நாளைக்கு நாங்க பத்து மணி வரைக்கும் தூங்குவோம். எவனும் எழுப்ப மாட்டான். ஒன்ன ஆறு மணிக்கே காபி குடுத்து எழுப்பிருவாவ, என்ன? பாவம்ல நீ."

எங்கள் கட்சிக்கும் அவர்கள்மேல் பரிதாபம்தான். ஒரே ரூமில் ஆறு பேர் படுத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அம்மா கேட்டாள், "ஏன்டா, அதுங்களுக்கு அப்பா அம்மா இல்லியா?"

"இருக்காங்கம்மா. ஊர்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு அவங்கள அங்க விட்டுட்டு இங்க வந்து கெடக்குதுங்க?"

வேலைக்காக என்று சொன்னேன். வேலை வீட்டு வாசலுக்கே பஸ் அனுப்புகிற ஊரில் வாழ்கிற அம்மாவுக்கு அது கடைசி வரை விளங்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு மகன் வீட்டை விட்டுப் போனால் அதற்கு மூன்று காரணம்தான். சண்டை. காதல். பாகப்பிரிவினை. நாலாவது காரணம் என்று ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. கல்யாணமானாலும் பின்னால் ஒரு ரூம் இழுத்துக் கட்டுவார்களே தவிர, வெளியே போக மாட்டார்கள். வயது வந்த பையன் அப்பா அம்மாவோடு இருப்பதை யாரும் பாராட்டியது கிடையாது. மூச்சு விடுகிறவனை யாராவது பாராட்டுவார்களா?

பஸ் ஸ்டாப்பில் அம்மா

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அடையாள அட்டையை எடுத்து வைப்பது அம்மாதான்.

கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அட்டை அதில் தொங்கும். காலையில் நான் ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். பின்னாலேயே அம்மா அட்டையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வருவாள். டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்ததும் வண்டியை எடுக்க மாட்டார். "அம்மா வரட்டும்பா," என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். அம்மாவும் ஜன்னல் வழியாக அட்டையைக் கொடுத்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள்.

நானும் சிரித்திருக்கிறேன். வந்தவாசிப் பக்கத்தில் ஒரு மொட்டை மாடியில் நிற்கும் வரைக்கும் இதில் ஒரு பிரச்சனை இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

மணிலா காய்ந்த மாடி

பெண் பெயர் ஜெயந்தி. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி அமைந்த இடம். டிப்ளமோ படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் வயரிங் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை. மூன்று பெண்களோடு ஒரு ரூமில் தங்கியிருந்தாள். எங்களுக்காக ஊருக்கு வந்திருந்தாள்.

கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆன பிறகு அவள் அப்பா, "பேசறதுன்னா மாடில போய்ப் பேசிட்டு வாங்க," என்றார். மாடி முழுக்க மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, காயப் போட்டிருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. அவள் அந்தப் பக்கம் சுவரோரம் நின்றாள், நான் இந்தப் பக்கம். நடுவில் மணிலா.

சம்பளம் கேட்பாள் என்று நினைத்தேன். பேஸிக் எவ்வளவு, ஓ.டி. எவ்வளவு என்று மனதுக்குள் தயாராக இருந்தேன்.

"உங்க யூனிபார்ம் யாரு துவைக்கிறாங்க?" என்றாள்.

"அம்மா."

"சாப்பாடு?"

"அதுவும் அம்மாதான்."

"டூட்டிக்குப் போறப்போ ஐடி கார்டு?"

அந்தச் சொந்தக்காரர் எங்கள் பஸ்ஸில் வருகிறவர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குனிந்து ஒரு மணிலாவை எடுத்து உரித்தேன்.

"நான் நாலு வருஷமா ரூம்ல இருக்கேன்," என்றாள். "எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து என் துணிய நான் துவைக்கிறேன். என் சோத்த நான் ஆக்கறேன். அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா கல்யாணம் பண்ணிகினு வந்து உங்க அம்மா பாத்த வேலையெல்லாம் நான் பாக்கணும்னா, நீங்க பொண்ணு தேடல. அம்மாவுக்கு பதில் ஆள் தேடறீங்க."

"தனிக்குடித்தனம் போலாம்ன்றீங்களா?"

"நான் அத கேக்கவே இல்ல. உங்க அப்பா அம்மாகூட இருக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் தனியா இருந்ததில்ல. மூணு மாசம் எங்கயாவது ரூம் எடுத்து இருந்து பாருங்க. அப்புறம் நான் சரின்றேன்."

"மூணு மாசம் கழிச்சு நீங்க சரின்னு சொல்லலன்னா?"

"துவைக்கத் தெரிஞ்சிருக்கும்ல," என்றாள்.

கீழே இறங்கும்போது எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தால் இந்தப் பெண்ணோடுதான் என்று முடிவாகிவிட்டது. கையில் உரித்த மணிலா அப்படியே இருந்தது.

இந்த நிபந்தனை அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பிறகு என் அப்பா அம்மாவுக்குச் சொன்னேன். அவள் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் செய்த தப்பு அதுதான்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள், "நாங்க உனக்கு இன்னாடா கொறை வெச்சோம்?" என்றாள்.

"கொறையே இல்லம்மா. அதான் பிரச்சனையாம்."

"கொழாயடில நாலு பேரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

அப்பா மெதுவாக, "வேலை விஷயமா போயிருக்கான்னு சொல்லு," என்றார்.

"வேலை இங்கதானய்யா கீது."

அப்பா, "போய்ப் பாத்துட்டு வரட்டும்மே," என்றார். அந்த விஷயத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

ஒரகடத்தில் நாலு வீட்டில் ரூம் கேட்டேன். நாலு பேரும் அப்பாவைத் தெரிந்தவர்கள். "மொதல்ல அப்பாகிட்ட போய் சமாதானமாப் பேசு," என்று அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் இசக்கிதான் தன் ரூமுக்குப் பக்கத்து ரூம் காலியாவதாகச் சொன்னான். அப்படித்தான் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து அந்த மூன்று நாற்காலியில் உட்கார்ந்தோம்.

ஏழுமலை எழுதுவது

"லோக்கல் பசங்களுக்கு நான் ரூம் குடுக்கறதில்ல," என்றார் ஸ்டெல்லாம்மா. "அப்பா அம்மா பக்கத்துலயே இருக்காங்க, இவன் தனியா ரூம் கேக்கறான்னா, ஒண்ணு வூட்ல சண்ட. இல்லன்னா வேற எதுனா இருக்கும். நாளைக்கு ஆளாளுக்கு வந்து என் வாசல்ல நிப்பாங்க."

"சண்டையே இல்லம்மா," என்றாள் அம்மா. "பொண்ணு வூட்ல..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப சண்ட இல்லன்னு எழுதிக் குடுங்க."

அப்பா காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தார். "எழுதிடலாம்மா," என்றார். என்னைப் பார்த்தார்.

எங்களுக்கு இது பழகிய வேலை. பள்ளிக்கூட நாட்களில் என் விடுப்புக் கடிதத்தை நானே எழுதுவேன். "என் மகன் குமரேசனுக்குக் காய்ச்சல் என்பதால்" என்று அப்பாவாக இருந்து எழுதுவேன். அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் நிஜமாக இருந்தால்தான் கையெழுத்து. கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்டிருந்தார். "ஏழுமலை" என்று முடிக்க அவருக்கு ஒரு பீடி பிடிக்கிற நேரமாகும்.

ஸ்டெல்லாம்மா கொடுத்த கோடு போட்ட தாளில், முழங்காலில் வைத்து எழுதினேன்.

"மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, என் மகன் குமரேசன் எங்களிடம் எந்தச் சண்டையும் போடாமல், எங்கள் முழுச் சம்மதத்துடன் தனியாகத் தங்க வருகிறான் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்."

"பையன் நல்லவன்னு ஒரு வரி போடேன்," என்றாள் அம்மா.

"அதெல்லாம் வாணாம்," என்றார் அப்பா. "அவங்க கேட்டது சண்ட இல்லன்னு. அத மட்டும் போடு."

இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பேனாவை வாங்கிக்கொண்டு நாக்கைக் கடித்தபடி கையெழுத்துப் போட்டார். ஸ்டெல்லாம்மா தாளை வாங்கி, கரண்ட் பில் வைக்கிற பிளாஸ்டிக் கவரில் செருகிக்கொண்டார். பிறகுதான் டீ வந்தது.

கம்பெனியில் பஸ் ஏறும் இடம் மாற்ற ஒரு பாரம் கொடுத்தார்கள். தற்போதைய முகவரி என்ற கட்டத்தில் "மே" என்று எழுதிவிட்டு அடித்தேன்.

தண்ணி எவ்வளவு

முதல் நாள் அரிசி கழுவி வைத்துவிட்டு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றேன். இசக்கி ஓ.டி. பார்க்க நின்றுவிட்டான். அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்தார்.

எனக்கு நினைவு தெரிந்து நாங்கள் போனில் பேசியது இல்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் எதற்குப் போனில் பேச வேண்டும்?

"அம்மா இல்லியாப்பா?"

"மாவு அரைக்கப் போயிருக்கா. இன்னா?"

"சோத்துக்குத் தண்ணி எவ்ளோ ஊத்தணும்?"

"எனக்கு இன்னாடா தெரியும்," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். வைத்துவிடலாம் என்று நினைத்தபோது, என்ன கேட்பதென்று தெரியாமல், "சாப்டியாப்பா?" என்றேன்.

"ம். நீ?"

"தண்ணி எவ்ளோன்னு தெரிஞ்சாதான்."

அப்பா ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் காண்ட்ராக்டில் தோட்ட வேலை. புல் வெட்டுகிற மெஷின் ஓட்டுவார். மறுநாள் காலை பத்து மணி டீ டைமில் ஏதோ தோன்றி அவருக்குப் போன் செய்தேன். அவருக்கும் அதே நேரம்தான் டீ. அதற்கடுத்த நாளும் செய்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

அவர் கம்பெனி புல்வெளிக்கு மயில் வரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எத்தனை வந்தது என்று தினமும் சொல்வார். ஒருநாள் மெஷினுக்குள் பாம்பு புகுந்து, மேனேஜர் கார் மேலேயே ஏறி நின்ற கதையை பிரேக் முழுக்கச் சொன்னார். எங்கள் அப்பா கதை சொல்வார் என்பதே எனக்குப் புது விஷயம்.

துணி துவைத்த கதை வேறு. முதல் வாரம் சாயம் போகிற துண்டோடு சாக்ஸை ஊறப் போட்டு, பத்து நாள் ரோஸ் கலர் சாக்ஸோடு லைனில் நின்றேன். "எலே, கல்யாண மாப்பிள்ள," என்றான் இசக்கி. சூப்பர்வைசர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

பஸ் மாறிய மதியம்

இரண்டாவது மாசம் இருக்கும். காலை ஷிப்டு முடிந்து வெயிலில் வந்து, பழக்க தோஷத்தில் பழைய பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டேன். டிரைவர் அண்ணன் தோளைத் தட்டினார். "இறங்குப்பா. உன் ஸ்டாப்பு." இறங்கி, பஸ் போன பிறகுதான் வடக்குப்பட்டில் நிற்பது புரிந்தது.

சரி, வந்தது வந்தோம் என்று வீட்டுக்கு நடந்தேன். வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "உங்க அம்மாவும் அப்பாவும் ஸ்ரீபெரும்புதூர்ல படம் பாக்கப் போயிருக்காங்கடா. அப்பா அரை நாள் லீவாம். சாவி இல்லியா உங்கிட்ட?"

இல்லை. இருபத்தெட்டு வருஷத்தில் என் வீட்டுச் சாவி என்னிடம் இருந்ததே இல்லை. எப்போது வந்தாலும் கதவு திறந்தே இருந்தது. திறந்து வைக்க ஒரு ஆள் உள்ளேயே இருந்தாள். அந்த ஆள் அதனால் எங்கெல்லாம் போகாமல் இருந்தாள் என்று படியில் உட்கார்ந்து யோசித்தேன். அக்கா கொடுத்த மோரைக் குடித்தேன்.

ஐந்து மணிக்கு அப்பாவின் டி.வி.எஸ். வண்டி வந்தது. பின்னால் அம்மா. தலையில் மல்லிகைப்பூ, கையில் அல்வாப் பொட்டலம். என்னைப் பார்த்ததும் அம்மா முகம் மாறிவிட்டது.

"ஐய, இன்னாடா ஆச்சு. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"இல்லம்மா. தூக்கத்துல பஸ் மாறி ஏறிட்டேன்."

அப்பா வண்டியை ஸ்டாண்டு போட்டார். "எல்லாரும் வழி தப்பினா எங்கியோ போவாங்க," என்றார். "நீ வூட்டுக்கு வந்துட்ட."

அல்வாவை மூன்று பேரும் பொட்டலத்திலேயே கைவைத்துச் சாப்பிட்டோம். அம்மா படத்தின் கதையை முழுதாகச் சொன்னாள். போகும்போது என் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டாள்.

விசாரித்துப் போனவர்

மூன்று மாசம் முடிய இரண்டு வாரம் இருந்தது. அப்போதுதான் ஜெயந்தியின் அப்பா எங்கள் ஊருக்கு வந்தார். எங்களுக்குச் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இப்படிச் சொல்லாமல் வந்து ஊருக்குள் விசாரித்துவிட்டுப் போவது வழக்கம்தான். டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, "ஏழுமலை பையன் எப்டி?" என்று கேட்டிருக்கிறார்.

"யாரு, குமரேசனா? அவன் வூட்ட விட்டுப் போயி ரெண்டு மூணு மாசமாவுது. எங்கியோ ரூம் எடுத்துகினு தனியா கீறான். நல்ல பையன்தான். இன்னா ஆச்சோ."

எங்கள் டீக்கடை அண்ணன் என்மேல் பிரியமானவர். கெட்ட பையன் என்று சொல்லியிருந்தால்கூட யாருக்கோ பொறாமை என்று தள்ளிவிடலாம். "நல்ல பையன்தான், இன்னா ஆச்சோ" என்பதற்கு மருந்தே கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெயந்தி போன் செய்தாள்.

"எங்கப்பா வேணாம்ன்றாரு. பெத்தவங்கள விட்டுட்டுப் போனவன் நாளைக்கு உன்னையும் விட்டுட்டுப் போவான்றாரு."

"நான் வந்து பேசட்டுமா?"

"நீங்க பேசினா கதை கட்டறான்பாரு. நான் வெச்ச கண்டிஷன், நான்தான் சொல்லணும். ஞாயித்துக்கெழம அவர உங்க ரூமுக்கே கூட்டிகினு வரேன். உங்க அப்பா அம்மாவையும் வரச் சொல்லுங்க. ரூம க்ளீன் பண்ணி வெக்காதீங்க. இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

நடுவில் இருந்த மூன்று நாளும் பத்து மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்தேன். மயில் கணக்கை மட்டும் சொன்னார். நானும் வேறு எதையும் கேட்கவில்லை.

அதே வாசல்

இந்த முறை ஸ்டெல்லாம்மா பக்கத்து வீட்டிலிருந்து இன்னும் மூன்று நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். விரிசல் விட்ட நாற்காலி சரியாக ஜெயந்தியின் அப்பாவுக்குப் போய்விட்டது. நான் எழுந்து மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அவர் முறைத்தார். அதிலேயே உட்கார்ந்தார்.

ஜெயந்தி நின்றபடியே பேசினாள். மாடியில் என்னிடம் கேட்டதை ஒன்றுவிடாமல் அவள் அப்பாவிடம் சொன்னாள். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"நான்தான்பா அவர வெளிய வரச் சொன்னேன். திட்டறதுன்னா என்னத் திட்டு."

"பொண்ணு சொன்னா, பெத்தவங்கள விட்டுட்டு வந்துடறதா?"

"நான் நாலு வருஷமா வெளிய இருக்கேன். பொண்ணு வூட்ட விட்டுப் போயிட்டான்னு யாரும் சொல்லல. வேலைக்குப் போயிருக்கான்னாங்க. அவரு மூணு மாசம் இருந்தா மட்டும் தப்பா?"

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லாம்மா உள்ளே போய் பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து நீட்டினார். "சண்ட ஒண்ணும் இல்லைங்க. எங்கிட்ட எழுத்துல இருக்கு."

அவர் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். "இது யாரு எழுத்து?"

"நான்தாங்க எழுதினேன்," என்றேன்.

"உனக்கு நீயே நல்லவன்னு எழுதிகினியா?"

"நல்லவன்னு எழுதலைங்க. அப்பா வேணாம்னு சொல்லிட்டாரு."

அவர் திரும்பவும் படித்துப் பார்த்தார். அப்படி ஒரு வரி இல்லைதான். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துதான?"

"ஆமாங்க."

"பையன் வூட்ட விட்டுப் போனதுல உங்களுக்கு வருத்தம் இல்லியா? கடிதாசில இருக்கறத வுடுங்க. உண்மைய சொல்லுங்க."

அப்பா தொண்டையைக் கனைத்தார். மறுபடியும் காலண்டரைப் பார்க்கப்போகிறார் என்று பயந்தேன். பார்க்கவில்லை.

"இருபத்தெட்டு வருசம் ஒரே வூட்ல இருந்தோம்," என்றார். "நான் வேலை முடிஞ்சு வரச்சொல்ல அவன் தூங்குவான். அவன் வரச்சொல்ல நான் தூங்குவேன். பேசிகினது கெடையாது. சண்டைகூட கெடையாது. இங்க வந்தப்புறம் டெய்லி பத்து மணிக்கு போன் பண்றான். சாப்டியாப்பான்னு கேக்கறான். என்ன அப்டி யாரும் கேட்டதில்ல."

"ஏன், நான் கேட்டதில்லியா?" என்றாள் அம்மா.

"நீ கேட்டா சண்டைக்குக் கூப்புடற மாதிரி இருக்கும்."

முதலில் சிரித்தது ஸ்டெல்லாம்மா. ஜெயந்தியின் அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார். நாற்காலிக் கால் டப்பென்று முறிந்துபோனது. நானும் அப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டவர், "இந்தப் பொண்ணும் எனக்கு டெய்லி போன் பண்ணுது," என்றார் அப்பாவிடம். "கூட இருந்தப்போ எங்கிட்டயும் பேசினதில்ல."

இதற்கிடையில் ஜெயந்தி பின்பக்கம் போய்க் கொடியில் இருந்த என் யூனிபார்மைப் பார்த்துவிட்டு வந்தாள். கூடவே போன ஸ்டெல்லாம்மா சாட்சி சொன்னார், "பையன் ஒழுங்காத்தான் துவைக்கிறான். காலர் அழுக்குதான் போகல."

"காலர் எனக்கும் போகாது," என்றாள் ஜெயந்தி. அவள் அப்பாவைப் பார்த்து, "எனக்கு சரிப்பா," என்றாள்.

அவர் கடிதத்தை மடித்து ஸ்டெல்லாம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். அம்மாவிடம், "தை மாசம் வெச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

பத்து மணி

மூன்று மாசத்தைப் பாக்கி வைக்காமல் முடித்துவிட்டுத்தான் ரூமைக் காலி செய்தேன். இப்போது நாங்கள் இருப்பது வடக்குப்பட்டில்தான். ஜெயந்தி வந்த முதல் வாரமே, "ஆளுக்கொரு சாவி வேணும்," என்றாள். நாலு சாவி இருக்கிறது. அம்மா தன்னுடையதைத் தாலிக் கயிற்றில் கோத்திருக்கிறாள். வாரம் ஒருமுறையாவது வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுகிறாள். கதவோர ஆணியில் இரண்டு அடையாள அட்டை தொங்குகின்றன. அவரவர் அட்டையை அவரவர்தான் எடுக்க வேண்டும். டிரைவர் அண்ணனுக்குத்தான் இதில் வருத்தம்.

பாரத்தில் மறுபடியும் "மேற்படி" என்று எழுதுகிறேன்.

வீடு திரும்பிய முதல் வாரம் மட்டும் எனக்கு ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவரும் திறந்தார். இரண்டு பேரும் மூடிக்கொண்டோம். என்ன செய்தும் அந்த வீட்டுக்குள் எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த நாள் டீ டைமில் இசக்கியிடம் என் டம்ளரைக் கொடுத்துவிட்டு, கேன்டீனுக்கு வெளியே வந்து போன் செய்தேன். இரண்டு கம்பெனிக்கும் நடுவில் ஒரே ஒரு ரோடுதான். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்டாலும் கேட்கும்.

முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"சாப்டியாப்பா?"

"ம். நீ?"

"சாப்டேன். மயிலு வந்துச்சா?"

"இன்னிக்கு மூணு," என்றார் அப்பா. "இரு, முழுசா சொல்றேன்."